தீ என்றேன், யாரும் எழவில்லை

எனக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தை வாங்கியிருக்கிறார்கள். அதைத் தொடங்கி வைக்க என்னையே கூப்பிட்டார்கள். திருப்பூரில் மரியாதைக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய பனியன் கம்பெனியில் நான் மைக் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சாப்பாட்டு நேரம், டீ நேரம், பஸ் கிளம்பும் நேரம், தொலைந்துபோன மூக்குத்தி என்று எல்லாம் என் வாய் வழியாகத்தான் அந்தக் கட்டடத்துக்குள் போகும். கம்பெனியில் என் பெயர் மேரி என்று தெரிந்தவர்கள் குறைவு. எல்லோருக்கும் நான் மைக்கக்கா.

இப்போது வந்திருக்கும் இயந்திரம் ஐந்து மொழிகளில் பேசுமாம். நிர்வாகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நித்யா என்ற பெண்தான் போனில் சொன்னாள். "மேடம், நீங்க நேர்ல வந்து ரெண்டு வார்த்தை பேசோணுமுங்க. அப்படியே உங்க அனுபவத்தை எங்க விழா மலருக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்குமுங்க" என்றாள். நல்ல பெண். நான் என்ன எழுதுவேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மண்ணரையில் குடியேறி, கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றுகொண்டிருந்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பேசினால் ஹாலின் அந்தப் பக்கம் கேட்கும். அந்த ஒரே தகுதியில் என்னை மைக் அறைக்கு மாற்றினார்கள். இப்படிக் குரல் உள்ளவளுக்கு மைக் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

முதல் சில வாரங்கள் நான் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. தமிழ் ஒன்றுதான், ராகம் வேறு. கொங்குக்காரப் பெண்கள் என் ராகத்துக்குப் பழகும்வரை, "ஏனுங்க, அந்தப் புள்ள என்னமோ பாடுதுங்களே, என்னான்னு தெரியுதுங்களா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். நானும் பழகினேன். தையல் ஹாலில் ஒரு சொல் முழுதாக யார் காதுக்கும் போய்ச் சேராது. மிஷின் சத்தத்தில் பாதிச் சொல்தான் போகும். மீதியைக் காது தன் கையிருப்பிலிருந்து போட்டுக்கொள்ளும். கையிருப்பில் இல்லாத சொல் என்றால் போய்ச் சேர்ந்த பாதியும் வீண்தான். "மதிய உணவு இடைவேளை" என்று நான் இழுத்தபோது ஒருத்தி எழவில்லை. "சாப்பாடு" என்றேன். பெஞ்சுகள் சாய்ந்தன.

இந்த வித்தையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் பஸ் அறிவிப்பின்போது வந்திருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் காலையிலிருந்தே வரிசையாக நிற்கும். எது கிளம்பத் தயாரோ அதன் ஊரை நான் சொல்வேன். "மண்ணரை" என்று நான் வாயைத் திறக்கும்போதே மண்ணரைக்காரிகள் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள். பக்கத்து மிஷினில் இருக்கும் ராயபுரத்துக்காரி நிதானமாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். மண்ணரை என்ற சொல் அவள் காதுக்குள் போனதாகவே தெரியாது. அடுத்து "ராயபுரம்" என்றால், நூல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோவில் மடியில் ஆள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பயம் காதைத் தீட்டி வைத்திருந்தது.

பஸ் பெயருக்கு எழாதவர்களும் ஹாலில் இருந்தார்கள். கம்பெனி வளாகத்திலேயே ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒடிசாப் பெண்கள். கடைசி வரிசை அவர்களுடையது. எல்லா பஸ்களும் போனபிறகும் அவர்கள் உட்கார்ந்து தைப்பார்கள். பஸ் அறிவிப்பு என்றால் மற்றவர்கள் போவார்கள், நாம் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் படித்த பாடம்.

இனி எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவசண்முகம் சார். குரலை உயர்த்தியே பேச மாட்டார். ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு அனுப்பி வைப்பார். யார் அறைக்குப் போனாலும் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். "சாப்டீங்களா அம்மணி?" என்று அவர் கேட்டால் நமக்கு ஒரு மெமோ தயாராகிவிட்டது என்று பொருள். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிடும். அன்பான அந்தச் சொல்லுக்குக் கம்பெனியில் வேறு அர்த்தமே கிடையாது.

சாருக்குத் தமிழ்ப் பற்று அதிகம். தீ விபத்து நடந்தால் நான் மைக்கில் படிக்க வேண்டியதை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: "பணியாளர் பெருமக்களின் மேலான கவனத்திற்கு. நமது வளாகத்தில் எதிர்பாராத விதமாகத் தீ விபத்து நேர்ந்துள்ளமையால், அனைவரும் பதற்றமின்றி அவசரகால வெளியேற்ற வழியினைப் பயன்படுத்தி, ஒன்றுகூடும் இடத்தினை வந்தடையுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." இதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு பனியன் எரிந்து சாம்பலாகிவிடும்.

"சார், 'தீப்பிடிச்சிருக்கு, எறங்குங்க'ன்னு சொன்னாப் போதாதா?" என்று கேட்டேன்.

"பையர் சைடுல இருந்து ஆடிட்டர் வருவாருங்க அம்மணி. கேக்கறதுக்கு ஒரு தரமா இருக்கோணுமல்லங்க" என்றார். பையர் என்றால் எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள்; கம்பெனியில் பாதுகாப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் அனுப்பும் ஆள்தான் ஆடிட்டர்.

"அவருக்குத் தமிழ் தெரியாதே சார்?"

"அதுனாலதானுங்க. தெரியாதவங்களுக்குச் சத்தமாச்சும் நல்லா இருக்கோணும்."

ஒடிசாப் பெண்களுக்கும் அவர் ஒரு மரியாதை வைத்திருந்தார். மைக்கில் இந்தி கூடாது, தனியாள் பெயரும் கூடாது, அவர்களை அழைக்க வேண்டுமானால் 'வடமாநிலப் பணியாளர்கள்' என்று சொல்ல வேண்டும். நானும் சொல்வேன். அது தங்களைத்தான் என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. ஹாலில் அவர்களுக்கு வேறு பெயர் இருந்தது. சூப்பர்வைசர் பழனிச்சாமிக்கு அவர்களுடைய பெயர்கள் வாயில் நுழையவில்லையாம். அதனால் எல்லோரையும் மொத்தமாக "ஏ ஒடிசா!" என்று கூப்பிடுவார். கூப்பிடுவது எதற்கு? "கை ஓடட்டும்" என்று விரட்டத்தான். பாராட்டுவதற்கு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை.

ஆடிட்டர் வரும் நாளில் தீ ஒத்திகை நடக்கும். முந்தின நாளே பழனிச்சாமி ஹாலைச் சுற்றி வந்து பாடம் நடத்துவார். "கண்ணுகளா, மைக்குல சொன்ன ஒடனே எந்திரிச்சுராதீங்க. ஆடிட்டர் கேமராவை எடுத்து ரெடியாகோணும். நான் துண்டை வீசுனப்புறம் வரிசையா எந்திரிச்சாப் போதும்." அப்படியே நடக்கும். நான் சாரின் தமிழைப் படிப்பேன், எல்லோரும் குனிந்து தைத்துக்கொண்டிருப்பார்கள், துண்டு பறக்கும், எழுந்து அழகாக வரிசையில் போவார்கள். ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைப்பார். தீ என்று மைக்கில் கேட்டால் அசையாமல் உட்கார வேண்டும் என்பதை இவ்வளவு ஒழுங்காக வேறு எந்த ஊரிலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சைரன்? இஸ்திரி ஆவிக்கே அது வாரத்துக்கு ஒருமுறை அலறும். அது அலறினால் "இஸ்திரிக்காரன் வந்துட்டான்" என்பார்கள்.

ஒரு மத்தியானம் எலக்ட்ரீஷியன் மூச்சிரைக்க மைக் அறைக்கு ஓடி வந்தார். தரைத்தளத்தில் கட்டிங் கழிவுத் துணியைக் குவித்து வைக்கும் குடோனில் புகை. அதற்கு நேர் மேலேதான் தையல் ஹால். சிவசண்முகம் சார் அடுத்த அறையிலிருந்து தலையை நீட்டி, "டெக்ஸ்ட்டைப் படிங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடப் போனார்.

படித்தேன். பணியாளர் பெருமக்கள் என்றேன், நேர்ந்துள்ளமையால் என்றேன், அன்புடன் கேட்டுக்கொண்டேன். என் முன்னால் இருந்த கேமராத் திரையில் ஹால் முழுதாகத் தெரிந்தது. ஒரு தலை நிமிரவில்லை. சைரனும் அலறியது. பழனிச்சாமி மட்டும் ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தார். ஆடிட்டர் கார் வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார். கார் இல்லை. துண்டு தோளிலேயே கிடந்தது.

சாரின் தமிழைத் தூக்கிப் போட்டுவிட்டு, "தீ! நெசமாவே தீ! எறங்குங்க!" என்று கத்தினேன். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மைக்கக்கா இன்றைக்கு நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். செக்யூரிட்டியை மேலே ஓடச் சொல்லி அனுப்பினேன். அவர் வயசாளி, படி ஏறி ஆக வேண்டும். புகைக்கு அந்தச் சிரமம் இல்லை. திரையின் ஓரத்தில், குடோன் பக்கத்து மாடிப்படி வாசலில், வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

அந்த நேரத்தில் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். வாய் தானாகத் தனக்குப் பழக்கமானதைச் சொன்னது.

"மண்ணரை பஸ் கெளம்புது! ராயபுரம் பஸ் கெளம்புது! வீரபாண்டி பஸ் கெளம்பிருச்சு!"

ஹால் எழுந்தது. மிஷின்களை நிறுத்தக்கூட இல்லை. டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தவளும் செருப்பைக் கையில் எடுத்தவளுமாக, வழக்கம்போல் கேட் பக்கத்து மாடிப்படியில் இறங்கினார்கள். நல்லவேளையாக அது குடோனுக்கு எதிர்ப்பக்கம். மத்தியானத்தில் ஏன் பஸ் என்று யாரும் நின்று கேட்கவில்லை. பழனிச்சாமியும் ஓடினார். அவர் வீரபாண்டி.

மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால், கடைசி வரிசை அப்படியே இருந்தது. ஒடிசாப் பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் போகிறது, மற்றவர்கள் போகிறார்கள், நாம் இருக்க வேண்டும். மற்ற எல்லோரையும் எழுப்பிய சொல் அவர்களை இன்னும் அழுத்தி உட்கார வைத்துவிட்டது. புகை வந்துகொண்டிருந்த வாசல் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

"வடமாநிலப் பணியாளர்கள்" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிறகு அவர்களுக்குத் தெரிந்த சொல்லைச் சொல்லலாம் என்று, "ஏ ஒடிசா! ஒடிசா!" என்று அலறினேன்.

அவர்களுக்குக் கேட்டது. கேட்டதைக் கண்ணால் பார்த்தேன். எல்லாத் தலைகளும் இன்னும் கீழே குனிந்தன. கைகள் வேகமாக ஓடின.

என் வாழ்நாளில் நான் அழுதுகொண்டே மைக்கில் பேசியது அந்த ஒருமுறைதான். அந்த வரிசையில் எனக்குப் பெயர் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பூசை பார்ப்பாள். அங்கே பேசுகிற தமிழ் ஒன்றும் அவளுக்கு விளங்காது. ஆமென் மட்டும் விளங்கும், அதை எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவாள். வெளியே வரும்போது ஒருநாள் தன் நெஞ்சில் கையை வைத்து "மினதி" என்றாள். நானும் என் நெஞ்சில் கையை வைத்து "மேரி" என்றேன். எங்கள் நட்பில் அதுவரை பேசப்பட்ட மொத்தச் சொற்கள் அவைதான்.

"மினதி!" என்றேன். "மினதி! ஏட்டி மினதி!"

ஒரு தலை நிமிர்ந்தது. கூரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தது. அந்தப் பெட்டியிலிருந்து அவள் பெயர் வரும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். "மினதி, ஆக்! ஆக்! பாஹர்!" என்று, தீ, வெளியே என்பதற்கு எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியைக் கொட்டினேன். அவள் ஸ்பீக்கரிலிருந்து கண்ணை இறக்கி, காலியான ஹாலைப் பார்த்தாள், பின்னால் திரும்பிப் புகையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளின் முடியைப் பிடித்தே தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. புகையா, என் கண்ணா என்று தெரியாது.

எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒடிசாப் பெண்களில் ஒருத்தியை மட்டும் மூச்சுத் திணறலுக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், அவளும் நல்லபடியாகத் திரும்பினாள். நான் கேட்டுக்கு ஓடியபோது பஸ்களுக்குள் ஜன்னல் சீட்டுக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. பழனிச்சாமி படியில் நின்றுகொண்டு, "ஏனுங்க மைக்கக்கா, டிரைவரே இல்லாம பஸ் கெளம்புதுன்னு சொல்றீங்களே, இது நாயமுங்களா?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். நான் அவர் தாடையைப் பிடித்துக் கட்டடத்தின் பக்கம் திருப்பினேன்.

இரண்டு நாள் கழித்து சிவசண்முகம் சார் மைக் அறைக்கு வந்தார். கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சாப்டீங்களா அம்மணி?"

"குடுங்க சார்" என்று கையை நீட்டினேன்.

பொய்யான பஸ் அறிவிப்பு செய்தது, அங்கீகரிக்கப்பட்ட வாசகத்திலிருந்து விலகியது, தனியாள் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னது என்று மெமோவில் மூன்று குற்றங்கள் இருந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சார் எழுந்து வாசல் வரை போய் நின்றார். "எம்பட தங்கச்சி மகளும் அந்த ஹால்லதானுங்க இருந்துச்சு" என்றார். "ராயபுரம் பஸ்ஸுங்க." அப்படியே போய்விட்டார். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஆடிட்டர் வந்து, தொழிலாளர்கள் அறிவிப்பைக் கேட்டு உடனே வெளியேறிய ஒழுங்கைப் பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அறிவிப்பு வாசகத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். சாரின் வாசகத்தைத்தான்.

இப்போது விழாவுக்கு வருகிறேன். முதல் வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். இயந்திரம் ஐந்து மொழிகளில், "சிறப்பு விருந்தினர் அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்" என்றது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நித்யா என் முழங்கையை இடித்தாள். "நீங்கதானுங்க மேடம்" என்றாள். ஐந்து மொழிகளில் ஒன்றிலாவது மேரி என்று சொல்லியிருந்தால் எழுந்திருப்பேன்.

விழா முடிந்து தையல் ஹாலைப் பார்க்கப் போனேன். மினதி இப்போது அங்கே சூப்பர்வைசர். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க்கா, நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றாள். கொங்குத் தமிழ் என் வாயைவிட அவள் வாயில் நன்றாக உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து இயந்திரம் ஒடியாவில் ஏதோ அறிவித்தது.

"ஏட்டி, என்ன சொல்லுது அது?" என்று கேட்டேன்.

மினதி சிரித்தாள். "சத்தம் நல்லா இருக்குதுங்க்கா. எங்கூர்ல கலெக்டர் வந்தா இப்படித்தான் பேசுவாருங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ஐந்து மொழிகளிலும் சிவசண்முகம் சார் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மினதி கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். அங்கே இப்போது பீகார்ப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்து மிஷினில் இருந்தவள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பீகார்!" என்றாள் மினதி. "கை ஓடட்டும்!"

அந்தப் பெண் சட்டென்று குனிந்துகொண்டாள். கை ஓடியது.

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. இவளுடைய பெயரைச் சொல்லி அன்றைக்கு என் தொண்டை கிழிந்ததே என்று இருந்தது. நான் ஒன்றும் உபதேசம் பண்ணவில்லை, அதற்கு எனக்குப் பொறுமையும் இல்லை. இன்னும் கொஞ்சம் குரல் மிச்சம் இருந்தது. பழனிச்சாமியைப் போலவே அடிவயிற்றிலிருந்து எடுத்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏ ஒடிசா!" என்றேன்.

மினதியின் தலை தானாகக் குனிந்தது. கைகள் முன்னால் போய், இல்லாத துணியைத் தேடின. இத்தனை வருடம் கழித்தும்.

பிறகு மெதுவாகத் திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது. "அக்கா…" என்றாள். கடைசி வரிசைக்கு நடந்துபோய் அந்தப் பெண்ணின் மிஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, இந்தியில் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் நிமிரவில்லை. இன்னும் வேகமாகத் தைத்தாள். மினதி மறுபடியும் கேட்டாள்.

நான் பக்கத்தில் போய், "என்ன கேக்கே?" என்றேன்.

"பேரு கேக்கறேனுங்க்கா." அவள் மிஷினிலிருந்து கையை எடுத்தாள். "சொல்ல மாட்டேங்குது. ஆபீஸ்ல மாட்டி உடறதுக்குக் கேக்கறேன்னு நெனைக்குது."

கீழே நித்யா என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். மினதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.